முடிவு தெரிந்த கதையை ஏன் பார்க்க வேண்டும்? ஓர் அனிமே முன்கதைப் படமும் ஆங் மோ கியோ நண்பர்கள் இருவரும்

படம் தொடங்குவதற்கு முன்பே அதில் வரும் அரசர் இறந்துவிடுவார் என்பது தெரியும். அவர் காக்கும் கோட்டை பல தலைமுறைகளுக்குப் பிறகும் நிற்கும் என்பதும் தெரியும். அப்படியிருந்தும் இரண்டேகால் மணி நேரம் இருக்கையில் உட்கார வைப்பது எது?

2024 டிசம்பரில் திரைக்கு வந்த ‘தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்: தி வார் ஆஃப் த ரோஹிரிம்’ என்ற அனிமே படம் இந்தக் கேள்வியை எழுப்புகிறது. உலகப் புகழ்பெற்ற மோதிரக் கதைக்கு இது ஒரு முன்கதை. ஆங் மோ கியோவில் வசிக்கும் நானும் பள்ளிக் காலத்திலிருந்து பழகும் தோழி ஒருத்தியும் இந்தப் படத்தை பீஷானில் பார்த்தோம். அவள் அனிமே ரசிகை, டோல்கியன் நூல்களைத் தொட்டதில்லை. நான் மோதிரப் படங்களைப் பார்த்து வளர்ந்தவர், அனிமே பற்றி அதிகம் தெரியாது.

இப்படிப்பட்ட இருவர் சேர்ந்து பார்ப்பதற்கென்றே எடுத்த படம்போல் இருந்தது அது. அதன் காரணங்களை விளக்குவதே இந்தக் கட்டுரை.

முன்கதை என்றால் என்ன?

ஒரு கதை வெளிவந்து மக்களிடம் சேர்ந்த பிறகு, அதற்கு முந்திய காலத்தில் நடந்ததைச் சொல்லும் கதையே முன்கதை. அது வெளிவருவது பின்னால், ஆனால் அதில் நடப்பவை முன்னால் நடந்தவை.

தமிழ் சினிமாவில் நமக்குப் பழகிய ‘ஃபிளாஷ்பேக்’ வேறு. ‘பாட்ஷா’ படத்தில் ஆட்டோ ஓட்டும் மாணிக்கத்தின் பம்பாய்க் காலம் அதே படத்துக்குள் வந்துவிடுகிறது. ‘பாகுபலி’யின் இரண்டாம் பாகத்தில் பெரும்பகுதி தந்தையின் கதைதான் என்றாலும், அது முதல் பாகத்தில் விட்ட புதிரை அவிழ்க்க வருகிறது. முன்கதை அப்படி எந்தப் புதிருக்கும் கடன்பட்டதில்லை. தனிக் கதையாகவே நிற்க வேண்டும்.

தமிழில் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு நம் வீடுகளிலேயே இருக்கிறது. கல்கி முதலில் எழுதியது ‘பார்த்திபன் கனவு’. அதில் வரும் நரசிம்மவர்மப் பல்லவர் அனுபவம் முதிர்ந்த சக்கரவர்த்தி. அதன் பிறகே, 1944இல், ‘சிவகாமியின் சபதம்’ தொடராக வரத் தொடங்கியது. அதில் அதே நரசிம்மவர்மர் இளவரசர், காதல் வயப்பட்டவர். அவர் பிற்காலத்தில் எப்படிப்பட்ட அரசராக இருப்பார் என்பது முதல் நாவலைப் படித்தவர்களுக்குத் தெரியும். சிவகாமியோடு அவர் வாழ்வு இணையுமா என்ற கவலை மட்டும் தீரவில்லை. முடிவைத் தெரிந்துகொண்டு படிப்பதால் வரும் வலி அது. முன்கதை தரும் இன்பமும் அந்த வலியில்தான் இருக்கிறது.

ஒரு கோட்டையின் பெயர்

பீட்டர் ஜாக்சன் இயக்கிய மோதிரப் படங்கள் 2001, 2002, 2003 என மூன்று ஆண்டுகளில் வந்தன. இரண்டாவது படத்தின் பெரும்போர் ‘ஹெல்ம்ஸ் டீப்’ என்ற மலைப்பள்ளத்தாக்குக் கோட்டையில் நடக்கிறது. மழை கொட்டும் இரவில் நடக்கும் அந்தப் போரைப் பார்த்தவர்கள் எளிதில் மறக்க மாட்டார்கள். ஆனால், அந்த ஹெல்ம் யார் என்று பெரும்பாலோர் கேட்டிருக்க மாட்டார்கள்.

அவர் ரோஹான் நாட்டின் ஒன்பதாம் அரசர். முட்டியால் அடித்தே ஆளைச் சாய்க்கும் வலிமை கொண்டவர் என்பதால் ‘ஹேமர்ஹேண்ட்’, அதாவது சம்மட்டிக் கையர், என்று பெயர். நூலின் காலக்கணக்குப்படி அவர் காலத்துப் போர், மோதிரப் போருக்கு ஏறத்தாழ 260 ஆண்டுகள் முந்தியது.

கதை ஒரு பெண் கேட்பதில் தொடங்குகிறது. ஃப்ரேகா என்ற செல்வாக்குமிக்க பிரபு, தன் மகன் வூல்ஃபுக்கு அரசரின் மகளைக் கேட்கிறார். அரசர் மறுத்து அவமதிக்கிறார். வாய்ச்சண்டை வெளியே போய்க் கைச்சண்டையாகிறது. ஹெல்மின் ஒரே அடியில் ஃப்ரேகா இறந்துபோகிறார். நாடு கடத்தப்பட்ட மகன், சில ஆண்டுகள் கழித்து டன்லண்ட் மக்களின் படையோடு திரும்பி வருகிறான். தலைநகர் விழுகிறது. எஞ்சிய மக்கள் மலைக்கோட்டையில் அடைக்கலம் புகுகிறார்கள். பிறகு நீண்ட பனிக்காலம், பசி, முற்றுகை.

ஒரு திமிரான அடியும் ஒரு மகனின் வன்மமும் இரண்டு மக்கள் கூட்டங்களைப் பனியில் சாகவிடுகின்றன. மந்திர மோதிரமோ உலகை ஆளத் துடிக்கும் இருள் அரசனோ இந்தக் கதையின் மையத்தில் இல்லை. கல்யாணப் பேச்சு முறிந்து இரண்டு குடும்பங்கள் பகையாகும் கதையை நம் கிராமத்துப் படங்களில் எத்தனை முறை பார்த்திருக்கிறோம்? மோதிரக் கதை தெரியாதவரும் இதைப் புரிந்துகொள்வதற்கு அதுவே காரணம்.

ஊர்ப்பெயரும் இப்படித்தான். ‘ஆங் மோ’ என்றால் ஹொக்கியன் மொழியில் செம்முடி, அதாவது வெள்ளையர். ‘கியோ’ என்றால் பாலம். வெள்ளையர் கட்டிய பாலத்தால் வந்த பெயர் என்பது ஒரு விளக்கம். அதே ஒலியில் தக்காளியையும் குறிக்கலாம் என்பதால், தக்காளியிலிருந்து வந்த பெயர் என்று சொல்வோரும் உண்டு. தினமும் எம்ஆர்டியில் இந்தப் பெயரைக் கேட்டபடி இறங்குகிறோம். பாலம் எது, யார் கட்டியது என்று எப்போதாவது கேட்டிருப்போமா? முன்கதை செய்வது அந்த வேலையைத்தான். வாயில் பழகிப்போன பெயருக்குப் பின்னால் போய், அங்கே நின்ற மனிதர்களைக் காட்டுகிறது.

நூலில் பெயரில்லாத மகள்

டோல்கியனின் ‘தி ரிட்டர்ன் ஆஃப் த கிங்’ 1955இல் வெளிவந்தது. அதன் இறுதியில் பின்னிணைப்புகள் இருக்கின்றன. அரச வம்சங்கள், காலவரிசை, மொழிகள் பற்றிய குறிப்புகள் அவை. ஹெல்மின் கதை அவற்றில் ஒன்றில் சில பக்கங்களே வருகிறது.

அந்தப் பக்கங்களில் ஹெல்மின் மகன்களுக்குப் பெயர் உண்டு. ஹாலெத், ஹாமா. பகைவனுக்குப் பெயர் உண்டு. பின்னால் அரசராகும் மருமகன் ஃப்ரேயலாஃபுக்குப் பெயர் உண்டு. எந்தப் பெண்ணைக் கேட்டதால் இவ்வளவும் நடந்ததோ, அந்த மகளுக்கு மட்டும் பெயர் இல்லை. அவள் என்ன நினைத்தாள், போரில் எங்கே இருந்தாள், பிழைத்தாளா என்ற குறிப்பும் இல்லை.

படம் அந்த வெற்றிடத்தைப் பிடித்துக்கொள்கிறது. அவளுக்கு ஹேரா என்று பெயர் வைத்து, கதையை அவள் பக்கம் நின்று சொல்கிறது. கதையைச் சொல்லும் குரல் எயோவின் என்ற வீரப்பெண்ணுடையது. ஜாக்சனின் படங்களில் அந்த வேடத்தில் நடித்த மிராண்டா ஓட்டோவே குரல் கொடுத்திருக்கிறார். ஏட்டில் எழுதாமல் விட்ட ஒரு பெண்ணின் கதையைப் பல தலைமுறைகள் கழித்து இன்னொரு பெண் சொல்கிறாள்.

இது நூலை மாற்றுவதாகாதா என்று சிலர் கேட்டார்கள். சில இடங்களில் மாற்றியிருக்கிறார்கள் என்பது உண்மை. நூலில் வூல்ஃபை வீழ்த்துவது ஃப்ரேயலாஃப். படத்தில் அந்த இடம் வேறு விதமாகப் போகிறது. ஆனால், கல்கி ‘பொன்னியின் செல்வன்’ எழுதியபோது செய்ததும் இதைப் போன்றதுதான். ஆதித்த கரிகாலர் கொல்லப்பட்டார் என்பது வரலாறு. நந்தினியும் பூங்குழலியும் கல்கியின் படைப்புகள். அந்த இருவரையும் எடுத்துவிட்டு இன்று யாராவது அந்தக் கதையை நினைத்துப் பார்க்க முடியுமா? புதுமைப்பித்தன் ‘சாபவிமோசனம்’ சிறுகதையில் அகலிகையின் பக்கம் போய் நின்றதும் இதே தேவையால்தான்.

படத்தில் எனக்குப் பிடித்த முடிவு ஒன்று உண்டு. ஹேராவுக்கு அவர்கள் கிரீடம் சூட்டவில்லை. அரசர் வரிசையில் அவள் பெயர் சேராததற்கு நூலோடு பொருந்தும் ஒரு காரணம் கிடைக்கிறது. அவளுடைய வாழ்வு ஏட்டுக்கு வெளியே போகிறது.

ஏன் அனிமே?

அனிமே என்பது ஜப்பானில் வளர்ந்த அசைபடக் கலை. அது குழந்தைகளுக்கானது என்ற எண்ணம் பெற்றோரிடம் இன்னும் இருக்கிறது. போர், துக்கம், அரசியல், முதுமை என எல்லாவற்றையும் பேசும் அனிமே படைப்புகள் உண்டு.

இந்தியக் கதைகளுக்கும் அனிமேக்கும் பழைய உறவு உள்ளது. யூகோ சாகோ என்ற ஜப்பானியர், இந்திய அசைபடக் கலைஞர் ராம் மோகனுடன் சேர்ந்து 1990களின் தொடக்கத்திலேயே இராமாயணத்தை முழுநீள அனிமே படமாக எடுத்தார். அந்தப் படம் 2025 ஜனவரியில் இந்தியத் திரையரங்குகளில் மீண்டும் வெளியானது. அதே ஆண்டில் ‘டீமன் ஸ்லேயர்’ படம் தமிழ்நாட்டில் தமிழ்க் குரலோடு ஓடியது.

‘ரோஹிரிம்’ படத்தை இயக்கியவர் கென்ஜி கமியாமா. ‘கோஸ்ட் இன் த ஷெல்: ஸ்டாண்ட் அலோன் காம்ப்ளெக்ஸ்’ தொடரால் அறியப்பட்டவர். ஹெல்முக்குக் குரல் தந்தவர் பிரையன் காக்ஸ், ஹேராவுக்குக் கையா வைஸ். படத்தை உருவாக்கிய முறையும் கவனிக்கத்தக்கது. நடிகர்களின் உடலசைவை முதலில் கருவிகளால் பதிவுசெய்து, அதை முப்பரிமாணக் காட்சியாக்கி, அந்தக் காட்சியைப் பார்த்து ஓவியர்கள் கையால் வரைந்தார்கள். நூற்றுக்கணக்கான குதிரைகள் பாயும் காட்சியை இப்படி வரைவது சாதாரண வேலையில்லை. குதிரை வீரர்களின் நாட்டைப் பற்றிய கதையில் குதிரைகளைத் தவிர்க்கவும் முடியாது.

ஜாக்சனின் படங்களுக்கு வடிவம் தந்த ஓவியர்கள் ஆலன் லீ, ஜான் ஹோவ் ஆகியோரும் இதில் பங்களித்திருக்கிறார்கள். அதனால் கோட்டையும் அரண்மனையும் நாம் முன்பு பார்த்த அதே இடங்களாகத் தெரிகின்றன. சுவர் அதேதான், அதில் நிற்கும் ஆட்கள் மட்டும் வேறு காலத்தவர்கள்.

இருவர் பார்த்த இரண்டு படங்கள்

அந்தச் சுவர் திரையில் வந்ததும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. தோழிக்கு அது வெறும் கோட்டைதான். ஆனால், பனியில் ஹெல்ம் தனியாக வெளியே போகும் காட்சியில் அவள் இருக்கை நுனிக்கு வந்துவிட்டாள். அவர் பிழைப்பாரா, மாட்டாரா என்பது அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். நான் துக்கத்தோடு பார்த்த காட்சியை அவள் பதற்றத்தோடு பார்த்தாள்.

எனக்குப் பிடிபடாத வேறு சில விஷயங்கள் அவளுக்கு உடனே புலப்பட்டன. சில காட்சிகளில் ஆட்களின் அசைவு விட்டு விட்டு இருப்பதாக நான் சொன்னபோது, அனிமேயில் ஒரே ஓவியத்தை இரண்டு மூன்று சட்டங்களுக்கு நீட்டிப்பது வழக்கமான முறை என்று விளக்கினாள். முகம் அசையாமல் நிற்கும் கணங்களில் பின்னணியையும் ஒலியையும் கவனிக்கச் சொன்னாள். மறுபுறம், வசனம் ஆங்கிலத்திலேயே இருந்தது அவளுக்கு ஒட்டவில்லை. அனிமே என்றால் ஜப்பானியக் குரல் கேட்டுப் பழகியவள்.

படம் முடிந்ததும் ஆங் மோ கியோவுக்குத் திரும்பி, காப்பிக் கடையில் உட்கார்ந்தோம். “அப்ப அந்தக் கோட்டைக்கு இவர் பேரு வச்சது, இவர் செத்ததுக்கு அப்புறமா?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். “அப்ப மத்தப் படத்துல அங்க சண்டை போட்டவங்களுக்கு இவரைத் தெரியுமா?” அந்தக் கேள்வியை இருபது ஆண்டுகளாக நான் கேட்டதில்லை. தெரியும். அவர்கள் அந்தக் கோட்டையில் நின்று ஹெல்மின் ஊதுகொம்பை ஊதுகிறார்கள். இதைச் சொன்னதும், 2002 படத்தை அந்த வாரமே பார்க்கப் போவதாகச் சொன்னாள்.

வேலை நேரம் ஒத்துவராமல் மாதக்கணக்கில் குறுஞ்செய்தியிலேயே பேசிக்கொண்டிருந்த எங்களுக்கு அந்த ஒரு மணி நேரப் பேச்சு கிடைத்ததே பெரிது. ஒருத்தி கேட்க, இன்னொருவர் சொல்ல, பிறகு இருவரும் இடம் மாறிக்கொள்ள, படம் வெறும் சாக்காகிவிட்டது.

படம் ஏன் ஓடவில்லை?

இந்தப் படம் வணிக ரீதியில் தோல்வி. ஏறத்தாழ 3 கோடி அமெரிக்க வெள்ளி செலவில் எடுத்தார்கள். உலகம் முழுவதும் வசூலானது 2 கோடி வெள்ளியைச் சற்றே தாண்டியது.

அனிமே முன்கதைகள் ஓடாதவை என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. 2021 டிசம்பரில் ஜப்பானில் வெளியான ‘ஜுஜுட்சு கைசன் 0’ படமும் முன்கதைதான். அது உலக அளவில் 15 கோடி அமெரிக்க வெள்ளிக்கும் மேல் ஈட்டியது. அந்தப் படத்துக்கு முன்பே தொடரின் ரசிகர்கள் திரண்டிருந்தார்கள். தொடரும் அனிமே, படமும் அனிமே.

‘ரோஹிரிம்’ படத்துக்கு அந்த வசதி இல்லை. மோதிரக் கதை ரசிகர்களில் பலர் அனிமே என்றதும் ஒதுங்கினர். அனிமே ரசிகர்களில் பலர் இது நமக்கு அறிமுகமில்லாத கதை என்று விட்டுவிட்டனர். இரண்டு கூட்டங்களுக்கும் நடுவில் படம் விழுந்துவிட்டது. ஆளுக்கு ஒரு பக்கத்திலிருந்து வந்து சேர்ந்து பார்க்கும் நண்பர்கள் போதுமான அளவு இல்லை என்றும் சொல்லலாம்.

பக்கத்தில் திரையரங்கு இருந்த காலம்

இப்படிச் சேர்ந்து பார்ப்பதற்கு இடமும் வேண்டும். ஆங் மோ கியோவின் மூத்த குடியிருப்பாளர்களைக் கேட்டால் ஜூபிலி, பிராட்வே என்று பேட்டைத் திரையரங்குகளின் பெயர்களைச் சொல்வார்கள். ஜூபிலி இருந்த இடத்தில் அதே பெயரில் கடைத்தொகுதி நிற்கிறது. அந்தப் பெயரும் ஒரு முன்கதையைச் சுமந்துகொண்டுதான் இருக்கிறது. தேக்காவுக்கு அருகே, மெக்கன்சி சாலையின் ரெக்ஸ் திரையரங்கில் தமிழ்ப் படம் பார்த்த நினைவு பல குடும்பங்களுக்கு உண்டு.

1992இல் ஈசூனில் பத்துத் திரைகளுடன் சிங்கப்பூரின் முதல் பல்திரை அரங்கு திறந்தது. அதன்பின் பேட்டைகளின் தனித் திரையரங்குகள் மெல்ல மறைந்து, திரைகள் கடைத்தொகுதிகளுக்குள் நுழைந்தன. 2007இல் திறந்த ஆங் மோ கியோ ஹப்பிலும் கேத்தே திரையரங்கு இருந்தது. அது மூடப்பட்டுவிட்டது. 2025 ஆகஸ்டில் ‘தி புரொஜெக்டர்’ நின்றது. செப்டம்பர் 1ஆம் தேதி கேத்தே நிறுவனம் எஞ்சியிருந்த அரங்குகளையும் மூடியது.

அடுத்த நிலையமான பீஷானுக்குப் போவது பெரிய தூரமில்லை என்பது உண்மைதான். ஆனால், கீழே இறங்கி நடந்துபோய், டிக்கெட் கிடைத்தால் பார்ப்போம், இல்லாவிட்டால் காப்பி குடிப்போம் என்று நண்பரை அழைக்கும் பழக்கம் வேறு. திட்டமிட்டுத்தான் சந்திக்க முடியும் என்றாகும்போது பல சந்திப்புகள் தள்ளிப்போய்விடுகின்றன. வீட்டில் தனியாக, பாதியில் நிறுத்தி, கைப்பேசியைப் பார்த்தபடி இந்தப் படத்தைப் பார்த்திருந்தால், தோழியின் அந்தக் கேள்வி எனக்குக் கிடைத்திருக்காது.

பார்க்க விரும்புவோருக்குச் சில குறிப்புகள்

மூலக் கதையைப் பார்த்துவிட்டுத்தான் முன்கதைக்குப் போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ‘ரோஹிரிம்’ தனியாகவே புரியும். முதலில் இதைப் பார்த்துவிட்டு 2002 படத்துக்குப் போனால், ஹெல்ம்ஸ் டீப் காட்சிகள் வேறு பொருளோடு தெரியும்.

அதிகம் தெரிந்தவர், படம் ஓடும்போது விளக்கம் சொல்வதைத் தவிர்ப்பது நல்லது. தெரியாதவரின் பதற்றம் அவருடைய உரிமை. விளக்கத்தைக் காப்பிக் கடைக்கு வைத்துக்கொள்ளலாம்.

பிள்ளைகளை அழைத்துச் செல்வோர் அனிமே என்பதை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம். சிங்கப்பூரில் படங்களுக்கு ஜி, பிஜி, பிஜி13, என்சி16, எம்18, ஆர்21 என ஆறு தரநிலைகள் உள்ளன. பிஜி13 பெற்றோருக்கான அறிவுரை மட்டுமே. என்சி16 முதல் வயதுக் கட்டுப்பாடு உண்டு, குறைந்த வயதினரை உள்ளே விடமாட்டார்கள். ‘ரோஹிரிம்’ படத்தில் போரும் மரணமும் நிறையவே உண்டு என்பதால் சிறு பிள்ளைகளுக்கு ஏற்றதில்லை.

அதிகம் பேசப்படாத இத்தகைய படங்கள் திரையரங்கில் நீண்ட நாள் தங்குவதில்லை. பார்க்க நினைத்தால் முதல் வாரத்திலேயே போய்விடுவது நல்லது. மூல நூலைப் படிக்க விரும்புவோர் ஆங் மோ கியோ பொது நூலகத்திலோ வேறு கிளையிலோ கேட்டுப் பார்க்கலாம். நூலை வாங்கியதும் கடைசிப் பக்கங்களைத் திருப்பி, ஹெல்மின் கதை இருக்கும் பின்னிணைப்பைத் தேடுங்கள். அந்த மகளைப் பற்றி எவ்வளவு குறைவாக எழுதியிருக்கிறது என்பதை நீங்களே பார்ப்பீர்கள்.

தோழி இப்போது 2003 படம்வரை வந்துவிட்டாள். பதிலுக்கு நான் ஓர் அனிமே தொடரைப் பார்த்து முடிக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். அதற்கும் ஒரு முன்கதைப் படம் இருக்கிறதாம்.